வகுப்பறைக் காற்றை அளந்த இன்ஜினியர்

நாங்க பத்தாவது பொதுத்தேர்வு எழுதாமலே பாஸ் ஆன பேட்ச். 2020 மார்ச்ல ஸ்கூலை மூடினாங்க. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காய்கறியை மஞ்சள் தண்ணியில கழுவினோம். பால் பாக்கெட்டுக்குக்கூட சோப்பு போட்டோம். கடை வாசல்ல சுண்ணாம்புல வட்டம் போட்டு, வட்டத்துக்குள்ள நின்னோம். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னவங்க மட்டும் ரொம்பக் குறைவு.

போன செமஸ்டர்ல ஏர் கண்டிஷனிங் ப்ராஜெக்டுக்காகப் படிக்கும்போது வெல்ஸ்-ரைலின்னு ஒரு சமன்பாடு கண்ல பட்டது. மூடின அறைக்குள்ள ஒரு நோயாளி இருந்தா மத்தவங்களுக்குத் தொத்துறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு கணக்குப் போடுற சமன்பாடு. யாரு இந்த வெல்ஸ்னு தேடினேன். டாக்டரா இருப்பார்னு நினைச்சேன். இல்ல, நம்மள மாதிரி இன்ஜினியர். குழந்தைங்களுக்கு ஸ்கூல்ல நோய் எப்படிப் பரவுதுன்னு கண்டுபிடிக்க இருபது வருஷத்துக்கு மேல செலவழிச்சவர். பெரும்பாலும் சரியாச் சொன்னவர். இருந்தும் அவரோட துறையே அவரை ஓரமா வெச்சது. அந்தக் கதைதான் இது.

வில்லியம் ஃபர்த் வெல்ஸ் 1880-களின் பின்பாதியில் அமெரிக்காவில் பிறந்தவர். படிச்சது எம்.ஐ.டி. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்ல, பாஸ்டன்ல இருந்தது. அந்தக் காலத்துல சானிட்டரி இன்ஜினியரிங்னு ஒரு படிப்பு இருந்துச்சு. குடிதண்ணி, சாக்கடை, பால் இதையெல்லாம் சுத்தமா வெச்சு நோயைத் தடுக்கிற படிப்பு. காலராவும் டைஃபாய்டும் தண்ணி வழியா வருதுன்னு கண்டுபிடிச்சு, தண்ணியை வடிகட்டி, குளோரின் போட்டு அடக்கினது இந்தத் துறையோட பெரிய வெற்றி. தண்ணிக்குச் செஞ்சதைக் காத்துக்கும் செஞ்சா என்ன? வெல்ஸோட மொத்த வாழ்க்கையையும் இந்த ஒரு கேள்வியில அடக்கிடலாம்.

ஆனா அவர் ஆரம்பிச்சது காத்துல இல்ல, சிப்பியில. 1920-கள்ல நியூயார்க் மாநில அரசு வேலையில இருந்தப்போ, அழிஞ்சிட்டு வந்த சிப்பிகளைத் தொட்டியில வளர்க்க முயற்சி பண்ணினார். சிப்பிக் குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னது. தொட்டித் தண்ணியை மாத்தினா குஞ்சும் சேர்ந்து வெளிய போயிடும். அதுக்கு அவர் பால் பண்ணைல க்ரீம் பிரிக்கிற மெஷினை எடுத்தார். அதைச் சுத்த விட்டுக் குஞ்சுகளைத் தனியாப் பிரிச்சு, புதுத் தண்ணியில போட்டார். வேலை செஞ்சது.

1930 வாக்கில ஹார்வர்டுல பொது சுகாதாரம் சொல்லிக்கொடுக்கப் போனார். அங்க அதே சென்ட்ரிஃபியூஜ் யோசனையைக் காத்துக்குத் திருப்பினார். ஒரு கண்ணாடிச் சிலிண்டர், உள்பக்கம் கிருமி வளர்ற ஜெல்லி. சிலிண்டர் வேகமாச் சுத்தும்போது அறையோட காத்து உள்ள இழுக்கப்படும், அதுல மிதக்கிற துகளெல்லாம் சுவத்துல போய் ஒட்டும். சில நாள் கழிச்சு ஜெல்லியில முளைச்ச புள்ளிகளை எண்ணினா, அந்த அறைக் காத்துல உயிரோட எத்தனை கிருமி இருந்துச்சுன்னு தெரிஞ்சிடும்.

அந்த நேரத்துல மருத்துவ உலகம் எங்க நின்னுச்சுன்னு சொல்லிடணும். 19-ம் நூற்றாண்டு வரைக்கும் கெட்ட காத்துதான் எல்லா நோய்க்கும் காரணம்னு நம்பினாங்க. கிருமிகளைக் கண்டுபிடிச்சப்புறம் அந்த நம்பிக்கை மூடநம்பிக்கை ஆயிடுச்சு. பிராவிடென்ஸ் நகரத்தோட சுகாதார அதிகாரி சார்லஸ் சேப்பின் 1910-ல எழுதின புத்தகம், நோய் பரவுறது தொடுறதாலயும் பக்கத்துல நின்னு இருமுறதாலயும்தான், காத்துல தொத்துறதுக்கு ஆதாரம் இல்லன்னு வாதாடினது. கையைக் கழுவுங்க, தள்ளி நில்லுங்கன்னு மக்களைப் பழக்க அது உதவினது உண்மை. ஆனா அதுக்கப்புறம் காத்துல கிருமின்னு யாராவது பேசினா, பழைய பஞ்சாங்கம்னு ஒதுக்கிற நிலைமை வந்திடுச்சு.

வெல்ஸுக்கு வந்த ஒரு வேலை மாசசூசெட்ஸ் பஞ்சாலைகள்ல. கோயம்புத்தூர்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியும். நூல் அறுந்து போகாம இருக்க மில்லுக்குள்ள காத்தை ஈரமா வெச்சிருப்பாங்க, அதுக்குத் தண்ணியைத் தூறல் மாதிரி தெளிப்பாங்க. அந்தத் தண்ணி அழுக்குத் தண்ணியா இருந்தா தொழிலாளி சுவாசிக்கிறது என்னன்னு கேள்வி வந்துச்சு. ஹார்வர்டு மருத்துவ மாணவர் ரிச்சர்ட் ரைலியைக் கூட்டிக்கிட்டு வெல்ஸ் மில்லு மில்லாப் போய்க் காத்தைப் பிடிச்சார். தெளிச்ச தண்ணியில இருந்த கிருமி ஹால் முழுக்க மிதந்துக்கிட்டு இருந்துச்சு.

தண்ணித்துளி கீழ விழுந்திடணுமே, எப்படி மிதக்குது? 1934-ல அவர் எழுதின கட்டுரை இதுக்குத்தான் பதில். ரெண்டாம் வருஷம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஸ்டோக்ஸ் விதி படிச்சிருப்போம். துளி எவ்வளவு பெருசோ அவ்வளவு வேகமா விழும். இன்னொரு பக்கம், துளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் ஆவியாகும். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஓட்டப் பந்தயம். வாயிலிருந்து, அதாவது சுமார் 2 மீட்டர் உயரத்துல இருந்து, வர்ற துளி 100 மைக்ரானை விடப் பெருசா இருந்தா காயறதுக்குள்ள தரைக்கு வந்திடும். அதாவது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு. அதை விடச் சின்னதா இருந்தா, விழறதுக்குள்ள தண்ணி எல்லாம் ஆவியாகி, உப்பும் சளியும் கிருமியும் மட்டும் ஒரு தூசியாச் சுருங்கிடும். அந்தத் தூசி மணிக்கணக்கா மிதக்கும், காத்து போற இடமெல்லாம் போகும். இதுக்கு அவர் துளிக்கரு, அதாவது ட்ராப்லெட் நியூக்ளியஸ்னு பேர் வெச்சார். ஒரே கிராஃப்ல ரெண்டு கோடு. இன்னிக்கும் அதை வெல்ஸ் வளைவுன்னுதான் சொல்றாங்க.

அப்போ இருமறவன்கிட்ட இருந்து தள்ளி நின்னா மட்டும் போதாது. ஒரே அறைக் காத்தைப் பகிர்ந்துக்கிறதே ஆபத்துதான்.

பிரச்சினையை மட்டும் சொல்லாம தீர்வையும் தேடினார். தண்ணிக்குக் குளோரின் மாதிரி காத்துக்கு என்ன போடலாம்? புற ஊதா விளக்கு. பாதரச ஆவி விளக்குல வர்ற 254 நானோமீட்டர் ஒளி கிருமியோட மரபுப்பொருளையே சிதைச்சிடும். காத்துல மிதக்கிற பாக்டீரியாவை அது கொல்லும்னு காட்டினார். 1936-ல காத்துல மிதக்க விட்ட ஃப்ளூ வைரஸைத் திரும்பப் பிடிக்க முடியும், அதுலயும் இந்த விளக்கு வேலை செய்யும்னு காட்டினார். மனுஷங்ககிட்ட இருந்து ஃப்ளூ வைரஸைப் பிரிச்சே அப்போ மூணு வருஷம்தான் ஆகியிருந்துச்சு.

ஆள் கொஞ்சம் கஷ்டமானவர். பேச ஆரம்பிச்சா எங்கயோ போயிடுவார், தன் யோசனையைத் தவிர வேற எதுவும் காதுல ஏறாது. கூட வேலை பார்த்தவங்களோட ஒத்துப்போறதும் கஷ்டம். 1937-ல ஹார்வர்டை விட்டு ஃபிலடெல்ஃபியாவுல இருக்கிற பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். கூடவே மனைவி மில்ட்ரெட் வீக்ஸ் வெல்ஸ். அவங்க டாக்டர், நோய் எப்படிப் பரவுதுன்னு கணக்குப் பார்க்கிறதுல கெட்டிக்காரங்க. இவர் மெஷின் செய்வார். எந்தக் குழந்தைக்கு எப்போ வந்துச்சு, யார்கிட்ட இருந்து வந்திருக்கும்னு அவங்க கணக்கு வெப்பாங்க. இந்தக் கதையில பாதி அவங்களோடது. ஆனா சமன்பாட்டுல ஒரு வெல்ஸ்தான் இருக்கார்.

இப்போ ஸ்கூலுக்கு வருவோம்.

அப்போ தட்டம்மைக்குத் தடுப்பூசி கிடையாது. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ஊரையே சுத்திட்டுப் போகும். தட்டம்மை எவ்வளவு வேகமாப் பரவும்னா, ஏற்கெனவே வராத ஆட்களுக்கு நடுவுல ஒரு நோயாளி இருந்தா, அந்த ஒருத்தர்கிட்ட இருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். அதை விட மோசமான விஷயம், உடம்புல தடிப்பு தெரியறதுக்கு 4 நாள் முன்னாடியே தொத்த ஆரம்பிச்சிடும். வெறும் சளி இருமல்னு நினைச்சு அம்மா குழந்தையை ஸ்கூலுக்கு அனுப்புவாங்க. தடிப்பைப் பார்த்து டீச்சர் வீட்டுக்கு அனுப்பும்போது வேலை முடிஞ்சிருக்கும். பத்துப் பதினாலு நாள் கழிச்சு வகுப்புல அடுத்த வரிசை படுக்கும். அதனால நோய் வந்த குழந்தையைப் பிரிச்சு வைக்கிறது மட்டும் ஸ்கூல்ல உதவாது. கடைசி பெஞ்சுக்கும் முதல் பெஞ்சுக்கும் ஒரே காத்து.

வெல்ஸ் தம்பதி ஃபிலடெல்ஃபியா பக்கத்துல ஜெர்மன்டவுன் ஃபிரெண்ட்ஸ் ஸ்கூல்லயும், ஸ்வார்த்மோர் ஊர் ஸ்கூல்லயும் சில வகுப்புகள்ல புற ஊதா விளக்கு மாட்டினாங்க. அந்த ஒளி கண்ணுல பட்டா எரியும். அதனால விளக்கை உயரத்துல மாட்டி, கீழ மறைப்பு வெச்சு, ஒளி மேல மட்டும் போற மாதிரி செஞ்சாங்க. குழந்தைங்க மூச்சுச் சூட்டுல காத்து மேல போகும், விளக்கு வெளிச்சத்தைக் கடக்கும், திரும்பக் கீழ வரும். ஃபேன் இல்லாமலே காத்து தானா வந்து சுத்தமாகும். மத்த வகுப்புகள்ல விளக்கு கிடையாது. மாட்டிட்டுக் காத்திருந்தாங்க.

1941-ல அந்தப் பக்கம் பெரிய தட்டம்மை அலை வந்துச்சு. மில்ட்ரெட் பதிவேட்டைத் திறந்தாங்க. ஏற்கெனவே வந்து போன குழந்தைங்களைக் கழிச்சிட்டு, இனிமேல் வரக்கூடிய குழந்தைங்களை மட்டும் எண்ணினாங்க. விளக்கு இல்லாத வகுப்புகள்ல அவங்கள்ல பாதிக்கு மேல, சுமார் 54 சதவீதம் பேருக்கு வந்துச்சு. விளக்கு இருந்த வகுப்புகள்ல சுமார் 13 சதவீதம்.

யோசிச்சுப் பாருங்க. மருந்து இல்ல, ஊசி இல்ல, மாஸ்க் இல்ல. டீச்சர் பாடம் நடத்துறது மாறல. காத்தை மட்டும் சுத்தம் பண்ணினாங்க, நாலுல மூணு பங்கு நோய் குறைஞ்சிடுச்சு. 1942-ல முடிவு வெளியாச்சு. காத்துல நோய் பரவுதுன்னு இதை விட நேரா யாரும் அதுவரைக்கும் காட்டினதில்ல.

இங்க கதை முடிஞ்சிருந்தா அவர் பேரு நம்ம பாடப்புத்தகத்துல இருந்திருக்கும்.

ஒரு ரிசல்ட் வந்தா மத்தவங்க திரும்பச் செஞ்சு பார்க்கணும். அதுதான் அறிவியல். நியூயார்க் மாநில கிராமப்புற ஸ்கூல்கள்ல செஞ்சாங்க, நோய் குறையல. லண்டன் பக்கத்துல சவுத்தால்ல பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1946-லிருந்து சில வருஷம் செஞ்சது, அங்கயும் பெருசா வித்தியாசம் இல்ல. அவ்வளவுதான். விளக்கு தோத்துடுச்சுன்னு முடிவாச்சு. விளக்கோட சேர்த்து காத்துங்கிற யோசனையையும் தூக்கிப் போட்டாங்க.

உண்மையில தோத்தது எது? அந்த நியூயார்க் கிராமத்துக் குழந்தைங்க பெரும்பாலும் ஸ்கூல் பஸ்ல ஒட்டி உட்கார்ந்து வர்றவங்க. பஸ்ல விளக்கு இல்ல. சவுத்தால் குழந்தைங்க தெருவுல, வீட்டுல, ஸ்கூலுக்கு வெளிய எல்லா இடத்துலயும் கலந்து பழகுறவங்க. ஃபிலடெல்ஃபியா ஸ்கூல் குழந்தைங்க பெரும்பாலும் வகுப்புல மட்டும்தான் ஒண்ணா இருந்தாங்க. நாலு வாசல் இருக்கிற வீட்டுல ஒரு வாசலை மட்டும் பூட்டிட்டு, திருடன் வந்துட்டான், அதனால பூட்டே வேஸ்ட்னு சொன்ன மாதிரி. ஆனா இந்தப் பதில் எடுபடல. இன்னொரு பக்கமும் பார்க்கணும். சவுத்தால் முடிவு பொய் இல்ல. வகுப்பறையை மட்டும் சுத்தம் பண்ணி ஒரு ஊரோட நோயை நிறுத்த முடியாதுன்னு அது சொன்னது சரிதான். அதைக் காத்துல பரவவே இல்லன்னு படிச்சதுதான் தப்பு. எங்க லேப்ல ரிசல்ட் வரலன்னா நாங்க எத்தனை தடவை தியரியையே சந்தேகப்பட்டிருக்கோம், செட்டப்பைப் பார்க்காம!

1955-ல வெல்ஸ் தன் வாழ்நாள் வேலையை எல்லாம் சேர்த்து காத்துவழித் தொற்றைப் பத்தி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். ஹார்வர்டு பல்கலைக்கழக அச்சகமே வெளியிட்டுச்சு. படிக்கச் சுலபமான புத்தகம் இல்ல, அதிகம் பேர் படிக்கவும் இல்ல.

ஒருத்தர் மட்டும் அவரை விடல. பஞ்சாலைக்குக் கூட வந்த அந்த மாணவர் ரிச்சர்ட் ரைலி. இப்போ பால்டிமோர்ல பெரிய டாக்டர். முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரியில ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு வார்டு அமைச்சாங்க. கீழ 6 படுக்கை, காசநோயாளிங்க. அந்த வார்டுக் காத்து முழுசும் குழாய் வழியா மேல ஒரு அறைக்குப் போகும், அங்க 150-க்கு மேல கினிப்பன்றிகள். நோயாளியை அதுங்க பார்க்கவே பார்க்காது, தொடாது. காத்து மட்டும்தான் பொது. மாசத்துக்குச் சராசரியா மூணு கினிப்பன்றிக்குக் காசநோய் வந்துச்சு. அடுத்த கட்டமா, இன்னொரு அறையில அதே காத்தைப் புற ஊதா விளக்கு வழியா அனுப்பினாங்க. அங்க ஒண்ணுக்குக்கூட வரல. காசநோய் காத்துல பரவும்னு உலகம் ஒத்துக்கிட்டது இதுக்கப்புறம்தான்.

அந்த வேலை நடந்துக்கிட்டு இருக்கும்போதே வெல்ஸ் நோயில விழுந்தார். 1963-ல இறந்தார். தட்டம்மைத் தடுப்பூசிக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததும் அதே 1963-ல. குழந்தைங்களைத் தட்டம்மையில இருந்து காப்பாத்த அவர் இருபது வருஷமாத் தேடினதை, ஒரு ஊசி வேற வழியில செஞ்சு முடிச்சது. நல்லதுதான். ஆனா ஊசி இல்லாத அடுத்த வைரஸ் வரும்போது என்ன பண்றதுங்கிற கேள்வி அப்படியே நின்னுடுச்சு.

1974-ல நியூயார்க் மாநிலத்துல ரோச்செஸ்டர் பக்கத்துல ஒரு ஆரம்பப் பள்ளி. ஊசி போட்ட குழந்தைங்கதான் பெரும்பாலும். ரெண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்திக்குத் தட்டம்மை. அவகிட்ட இருந்து 28 குழந்தைங்களுக்குப் போச்சு. அந்த 28 பேரும் 14 வேற வேற வகுப்புகள்ல இருந்தவங்க. அவ எல்லா வகுப்புக்கும் போகல. அந்தக் கட்டடத்தோட ஏர் சிஸ்டம் ஒரு வகுப்புக் காத்தை இழுத்து எல்லா வகுப்புக்கும் திருப்பி அனுப்பிக்கிட்டு இருந்துச்சு. ரைலி குழு 1978-ல அந்த டக்ட், ஃபில்டர், காத்தோட்ட அளவு எல்லாத்தையும் வெச்சுக் கணக்குப் போட்டாங்க. நான் ப்ராஜெக்டுல பார்த்த சமன்பாடு அங்க பிறந்ததுதான். நோயாளி எத்தனை பேர், ஒருத்தர் எவ்வளவு கிருமி விடுறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கோம், இதெல்லாம் ஏற ஏற ஆபத்து ஏறும். வெளிக்காத்து எவ்வளவு வருதோ அவ்வளவு இறங்கும். இதுல நம்ம கையில சுலபமா மாத்தக்கூடியது கடைசி ஒண்ணுதான்.

இனி 2020. மார்ச் 28-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவிட் காத்துல பரவாதுன்னு ட்விட்டர்ல அழுத்தமாச் சொன்னது. 5 மைக்ரானுக்கு மேல இருக்கிற துளி எல்லாம் பக்கத்துலயே விழுந்திடும்கிறது புத்தகங்கள்ல இருந்த விதி. ஏரோசல் ஆராய்ச்சியாளர் லின்சி மார் மாதிரி இன்ஜினியர்களுக்கு அது இடிச்சது. 5 மைக்ரான் துகள் அவ்வளவு சீக்கிரம் விழாது, இயற்பியலே ஒத்துக்காதே. அந்த 5 எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு ஆராய்ச்சி மாணவி பழைய புத்தகங்களைத் தோண்டினாங்க. போய் நின்ன இடம் வெல்ஸ். அவர் எழுதினது 100. காசநோய்க் கிருமி நுரையீரலோட அடி ஆழத்துக்குப் போகணும்னா துகள் 5 மைக்ரானுக்குள்ள இருக்கணும், அது வேற விஷயம். நடுவுல யாரோ ரெண்டையும் குழப்பி, அதை ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதி, அறுபது வருஷம் ஓடிடுச்சு. காப்பி அடிச்ச லேப் ரெக்கார்டுல முதல் ஆள் செஞ்ச தப்பு எல்லார்கிட்டயும் இருக்கும்ல, அதே கதைதான். 2021 கடைசிக்குள்ள உலக சுகாதார நிறுவனமும் காத்துவழியை ஒத்துக்கிட்டது. வெல்ஸ் இறந்து 58 வருஷம்.

நான் படிச்ச ஸ்கூல்ல ஒரு கம்ப்யூட்டர் லேப் இருந்துச்சு. ஏ.சி போட்டிருப்பாங்க, ஜன்னலை ஆணி அடிச்சு மூடியிருப்பாங்க. ஒரு பையன் இருமினா அந்த வாரமே பாதி வகுப்பு லீவு. கீழ ஓட்டுக் கட்டடத்துல ஜாலி ஜன்னல் வகுப்புல அந்த அளவுக்கு நடந்ததா எனக்கு ஞாபகம் இல்ல. அப்போ அதைச் சாபம்னு சிரிச்சோம். இப்போ யோசிச்சா வெளிக்காத்துதான் காரணமா இருந்திருக்கும்னு தோணுது. இது ஆராய்ச்சி இல்ல, என் ஞாபகம் மட்டும்தான். ஆனா நாளைக்கு நம்மள்ல சில பேர் ஸ்கூல் கட்டடம் வரையப் போறோம், ஏ.சி டிசைன் பண்ணப் போறோம். வெளிக்காத்துக்கு ஒரு டக்ட் வைக்கலாமா, செலவு குறையட்டும்னு எடுத்திடலாமான்னு முடிவு பண்ற பேனா நம்ம கையில இருக்கும். அந்த நேரம் சிப்பிக்குப் பால் மெஷின் சுத்தின இந்த மனுஷனை ஒரு தடவை நினைச்சுக்கோங்க.

இப்போதைக்கு ஹாஸ்டல் ரூம் ஜன்னலைத் திறங்க. கொசுவுக்கு வலை போட்டுக்கலாம்.